மூன்று முட்டுகளும் ஒரு ‘செரிங்க’வும்

சுண்ணாம்புத் தூள் முதலில் என் இடது தோளில் விழுந்தது. தட்டிவிட்டேன். மறுபடியும் விழுந்தது. ஒரு சிட்டிகைதான் இருக்கும்.

நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே புதிதாக ஏற்றிய இரும்பு கர்டர். அதற்கும் மாடித் தளத்தைத் தாங்கும் தேக்கு விட்டங்களுக்கும் நடுவே, முந்தின நாள் காலையில் வைத்து இறுக்கிய கலவை. அந்த ஈரக் கலவையில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. காலையில் வந்தபோது அது இல்லை.

கீழே பார்த்தேன். தளத்துக்கு முட்டுக் கொடுத்து நின்ற சவுக்குக் கட்டைகளில் இரண்டு தரையில் கிடந்தன. மூன்றாவது முட்டின் அடியில் மேஸ்திரி ஆறுமுகம் சுத்தியலை ஓங்கியிருந்தார்.

“மேஸ்திரி! என்ன பண்றீங்க?”

“முட்டு எடுக்கறனுங்க அம்மணி. நீங்கதானுங்களே செரின்னீங்க?”

மாடியில் எட்டுத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது.

போன வாரம் மில் குடோனை ஓட்டலாக மாற்றிய கதையை எழுதினாலும் எழுதினேன், ஒரு வாசகி கடிதம் போட்டுவிட்டார். ‘உங்கள் தொடரில் எப்போதும் மற்றவர்களே தப்புச் செய்கிறார்கள். நீங்கள் செய்ததே இல்லையா?’ என்று கேட்டிருந்தார். படித்ததும் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு நாள் அந்தக் கடிதத்தை மேஜை மேல் கவிழ்த்து வைத்திருந்தேன். செய்திருக்கிறேன் அம்மா. எழுதுகிறேன், படியுங்கள்.

கண்ணாடிப் பைத்தியம்

தொண்ணூறுகளில் கோயமுத்தூர்க் கடைவீதிக்குக் கண்ணாடிப் பைத்தியம் பிடித்திருந்தது. ஊரின் பெயர் வேறு காரணங்களுக்காகப் பத்திரிகைகளில் அடிபடுவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. மரப்பலகைக் கதவும், உள்ளே மெத்தை விரித்த வியாபாரமுமாக இருந்த ஜவுளிக்கடைகள் ஒவ்வொன்றாக ஷோரூம் ஆகிக்கொண்டிருந்தன. முகப்பில் ஆளுயரக் கண்ணாடி, ஏ.சி., உள்ளே தடுப்பே இல்லாத ஒரே ஹால். எந்த முதலாளியைக் கேட்டாலும் இதே மூன்று வரம்தான்.

கண்ணாடி வைத்துவிடலாம். ஏ.சி. வைத்துவிடலாம். அந்த ஒரே ஹால்தான் என்னைப் போன்றவர்களின் உயிரை வாங்கியது. பழைய கட்டடத்தில் சுவர்தானே எல்லாவற்றையும் சுமக்கிறது! சுவரை எடுத்துவிட வேண்டும், ஆனால் மேலே இருப்பது அப்படியே நிற்க வேண்டும் என்றால் என்ன செய்வது?

சென்னியப்பன் அண்ணனும் அதைத்தான் கேட்டார். அவிநாசிப் பக்கத்துக்காரர். தோட்டமும் நூல் வியாபாரமுமாக இருந்தவர், ஜவுளியில் இறங்க ஆசைப்பட்டுக் கடைவீதியில் அந்த மாடிக் கட்டடத்தை வாங்கியிருந்தார். வாங்கும்போதே மாடியில் காதர் பாயின் தையல் கடை இருந்தது. பாயின் அப்பா காலத்திலிருந்தே அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள்.

“காலி பண்ணிக் குடுங்க பாய்” என்று அண்ணன் கேட்டிருக்கிறார். “நோம்பி முடியட்டுங்க” என்று பாய் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் எந்தப் பண்டிகையும் நோம்பிதான்; எந்த நோம்பி என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒருநாள் மாடிக்குத் தண்ணீர் வருவது நின்றது. இன்னொரு நாள், மரப்படியில் கரையான் இருக்கிறது, மாற்ற வேண்டும், எல்லோரும் இறங்குங்கள் என்றார்கள். இன்னொரு நாள் கரண்டு ஒயர் சரியில்லை என்றார்கள். பாய் எதற்கும் அசையவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், நமக்கு எதற்கு வம்பு, வந்த வேலையைப் பார்ப்போம் என்றுதான் இருந்தேன்.

நான் அப்போது ஒரு கட்டட ஆபீஸில் எஞ்சினியர். படிப்பு முடித்து மூன்று வருஷம் என்னை மேஜையிலேயே உட்கார வைத்து வரைபடம் போடச் சொன்னார்கள். பெண்ணை எப்படி சைட்டுக்கு அனுப்புவது என்று தயங்கினார்கள். சண்டை போட்டேன். அப்படிச் சண்டை போட்டு வாங்கிய முதல் தனி சைட் இது. வருகிறவர்கள் என்னிடமே வந்து, “எஞ்சினியர் எங்கீங்க?” என்று கேட்பார்கள். நான்தானுங்க என்றால், என் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். எரிச்சலாக வரும். அந்த எரிச்சலையும் சிரித்த முகமாகவே காட்டப் பழகியிருந்தேன்.

வேலை இதுதான். நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் சவுக்கு முட்டுகளை வரிசையாக நிறுத்தி மாடியின் பாரத்தை அவற்றின் மேல் ஏற்ற வேண்டும். பிறகு சுவரை இடித்து, இரண்டு ஓரமும் தூண் எழுப்பி, அது இறுகிய பிறகு குறுக்கே கர்டரை ஏற்ற வேண்டும். கர்டருக்கும் விட்டத்துக்கும் நடுவில் இருக்கும் சந்தில் கெட்டிக் கலவையை வைத்து இறுக்க வேண்டும். அது காய்ந்து கல்லாக ஏழு நாள். அதுவரை முட்டில் கை வைக்கக் கூடாது.

ஏழு நாள் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருந்தேன். சொல்லவே தேவையில்லை. அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்து கோயமுத்தூரில் இருபது வருஷமாகக் கட்டடம் கட்டுகிறவர். நான் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோதே அவர் சாரம் கட்டி ஏறியவர்.

செரிங்க

அன்று காலை பத்து மணி இருக்கும். கடை வாசலில் நின்று சென்னியப்பன் அண்ணன் தரைக்குப் போடும் கற்களின் மாதிரிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று சாம்பல். எதைப் போட்டால் பட்டுப்புடவை எடுப்பாகத் தெரியும் என்பது அவருடைய பெரும் கவலை. தெருவில் நோம்பிக் கூட்டம். பஸ் ஹாரன், சைக்கிள் மணி, ஒலிபெருக்கியில் துணிக்கடை விளம்பரம்.

உள்ளேயிருந்து மேஸ்திரி கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மணி! கெழக்கால இருக்கற முட்டு தச்சருக்கு இடைஞ்சலா இருக்குதாமுங்க. எடுத்துப்போடட்டுங்களா?”

இதில் ‘ஏனுங்க அம்மணி’யும் ‘தச்சருக்கு’ம்தான் என் காதில் விழுந்தன. திரும்பாமலே கையை ஆட்டி, “செரிங்க, செரிங்க” என்றேன்.

நான் சொல்ல நினைத்தது: கூப்பிட்டது கேட்டது, இருங்கள், வருகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் செரிங்க என்றால் சம்மதம் மட்டும் அல்ல. கேட்டுக்கொண்டேன் என்பதும் செரிங்கதான். பார்க்கலாம் என்பதும், போதும் விடுங்கள் என்பதும் செரிங்கதான். நீங்கள் சொல்வது சுத்தத் தப்பு, ஆனால் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்பதற்கும் அதே செரிங்கதான்.

கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பாவுக்கு மாப்பிள்ளையைத் துளியும் பிடிக்கவில்லை. வந்தவர்கள், “அப்பத் தை மாசத்துல வெச்சுக்கலாமுங்களா?” என்றார்கள். அப்பா “செரிங்க” என்றார். “மண்டபம் பேசிரட்டுங்களா?” “செரிங்க.” அவர்கள் கார் தெரு முனை திரும்பியதும் அம்மாவிடம், “இந்த எடம் நமக்கு வேண்டாம்” என்றார்.

பத்து நாள் கழித்து, மண்டபம் பேசி முடித்துவிட்டோம் என்று வாயெல்லாம் பல்லாக வந்து நிற்கிறார்கள்! அப்பா பின்வாசல் வழியாகத் தோப்புக்குப் போனவர் அவர்கள் கிளம்பும் வரை திரும்பவில்லை. அம்மாதான் காப்பி கொடுத்து, தலைவலி என்று சொல்லி, அழுது, ஒருவழியாக அனுப்பி வைத்தார். நான் உள்ளறையில் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்தவளுக்கும் அதே வாய்தானே!

சரி, மேஸ்திரிக்கு எங்கே போயிற்று புத்தி என்று கேட்பீர்கள். நானும் பிற்பாடு கேட்டேன். அவர் சொன்னது இது.

“ஏழு நாள்னு சொன்ன அம்மணி ரெண்டாம் நாளே செரிங்கறாங்களேன்னு மனசுல பட்டுதுங்க. மொதலாளி பக்கத்துல நிக்கறப்ப உங்களைத் திருப்பிக் கேட்டா நல்லாவா இருக்கும்? இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியலைன்னு நானே காட்டிக் குடுத்தாப்பல ஆயிப்போகுமுங்களே.”

என் மரியாதை கெடக் கூடாதே என்று அவர் மறுபடி கேட்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும் முதலாளியை நிறுத்திவிட்டுத் திரும்பினால் அவர் மரியாதை கெடுமே என்று நான் திரும்பவில்லை. மாடியில் இருந்த எட்டுத் தையல்காரர்களையும் பாயையும் பற்றி இரண்டு மரியாதைக்காரர்களும் நினைக்கவில்லை.

சிரித்த முகம்

மேஸ்திரியின் கையிலிருந்து சுத்தியல் நழுவியது. மேலே பார்த்தார். அவருக்கும் அந்தக் கோடு தெரிந்துவிட்டது.

“ஐயையோ... வெச்சுப்போடறனுங்க, வெச்சுப்போடறனுங்க” என்று கீழே கிடந்த முட்டுக் கட்டையைத் தூக்கி நிறுத்தினார். அது உள்ளே போகவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பு அதே இடத்தில் நின்ற கட்டை இப்போது கால் அங்குலம் உயரமாக இருந்தது. கட்டை வளரவில்லை, தளம் இறங்கியிருந்தது.



“லாரி ஷெட்டுல ஜாக்கி வாங்கியாரச் சொல்லறனுங்க. ஜாக்கி போட்டுத் தூக்கித்தான் முட்டு வெக்கோணும்” என்றார் மேஸ்திரி. “மேல ஆளு நடமாடறப்பத் தூக்கறதுக்கு ஆகாதுங்க. ஒரு பக்கமாத் துள்ளுச்சுன்னா அவ்வளவுதானுங்க. மொதல்ல அவங்களை எறக்குங்க அம்மணி. வெரசலா!”

தச்சர்களையும் கொத்தாட்களையும் வெளியே போகச் சொல்லிவிட்டு மரப்படியில் ஓடினேன். கட்டடத்தின் பக்கவாட்டில் தெருவிலிருந்து ஏறும் குறுகலான படி அது.

மாடி ஹாலில் எட்டு மெஷின்களும் நாலு நாலாக இரண்டு வரிசை. சுவர் ஓரமெல்லாம் ஆள் உயரத்துக்குத் துணி. எண்ணெய் வாசனையும் புதுத்துணிக் கஞ்சி வாசனையும். மெஷினை மிதிக்கும் அதிர்வு என் செருப்புக்கு அடியில் தெரிந்தது. தினமும் தெரிவதுதான். அன்று ஒவ்வொரு மிதியும் என் நெஞ்சில் விழுந்தது.

காதர் பாய் கழுத்தில் இன்ச் டேப்போடு வெட்டு மேஜையில் நின்றார். ஐம்பது வயது. கத்தரியை நிறுத்தாமலே ஏறிட்டுப் பார்த்தார்.

“பாய், ஒரு அரை மணி நேரம் எல்லாரும் கொஞ்சம் கீழ வந்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க” என்றேன்.

“எதுக்கும்மா?”

“கீழ சின்ன வேலைங்க. சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தானுங்க.”

கத்தரி நின்றது. “போன தடவை கரையான். அதுக்கு முந்தி கரண்டு. இந்தத் தடவை படிச்ச புள்ளையா அனுப்பிச்சிருக்காரா?”

“இல்லீங்க பாய். நெசமாலுமே ஆபத்துங்க.”

“ஆபத்தை யாராச்சும் சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவாங்களா?”

அப்போதுதான் தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கிறது, முகம் மட்டும் பழக்க தோஷத்தில் கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல் இளித்துக்கொண்டிருந்தது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பாய் குரலை உயர்த்தவில்லை. “எறங்குனா திரும்ப ஏற விடுவாங்களா? அதைச் சொல்லுங்க அம்மணி. நோம்பிக்குக் குடுக்க வேண்டிய துணி அத்தனையும் இங்கதான் கெடக்குது. இந்த எட்டுப் பேரு குடும்பமும் இந்த மாசத்தை நம்பித்தான் வருசம் பூரா இருக்குது. அந்தப் படியில ஒரு பூட்டு விழுந்துச்சுன்னா நான் கோர்ட்டுக்கு நடந்தே செத்துப்போவேன்.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் இறங்கியிருக்க மாட்டேன்.

மேஜை ஓரத்திலிருந்து ஒரு நூல்கண்டு கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்கவில்லை. ஹாலின் நடுப்பக்கம் பார்த்து மெதுவாக உருண்டுகொண்டே போனது. தளம் அங்கே சரிந்திருந்தது.

“பாய், தப்புப் பண்ணிட்டேன்” என்றேன். ‘ங்க’ வரவில்லை. “முட்டு எடுக்கச் சொன்னது நான். கவனிக்காம வாயில வந்ததைச் சொல்லிட்டேன். தளம் எறங்கிப்போச்சு. உங்களை யாரும் ஏமாத்தலை. மொதலாளிக்கு இது தெரியவே தெரியாது. தப்பு என்னோடது. இப்ப எறங்கலைன்னா செத்துருவீங்க. எந்திரிங்க எல்லாரும்!”

ஒவ்வொரு மெஷினாக நின்றது. பாய் என்னையே பார்த்தார். உருண்டுபோன நூல்கண்டையும் பார்த்தார்.

“இதை எழுதிக் குடுப்பீங்களா?”

வெட்டு மேஜையில் கிடந்த காக்கித் தாளை இழுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். ‘முட்டுக் கட்டையை எடுக்கச் சொன்னது நான். தப்பு என்னுடையது. ஆபத்து என்பதால் இவர்கள் இறங்குகிறார்கள். கடையைக் காலி செய்யவில்லை. சரிசெய்த பிறகு ஏறுவார்கள்’ என்று எழுதினேன். கையெழுத்துப் போடும்போது எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. மூன்று வருஷச் சண்டை ஞாபகம் வந்தது. பெண்ணை அனுப்பினால் இப்படித்தான் என்று யார் யார் என்னென்ன முகபாவத்தோடு சொல்வார்கள் என்பதுகூட ஒரு நொடியில் ஓடியது. போட்டுவிட்டேன்.

பாய் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கையைத் தட்டினார். “எந்திரிங்கப்பா.”

“நடுவுல நடக்காதீங்க, சுவரோரமா வாங்க, ஒவ்வொருத்தரா” என்று கத்தினேன். ஒருவர் மட்டும் திரும்பிப் போய் ஒரு மூட்டையைத் தூக்கினார். “துணியை விட்டுட்டு எறங்குய்யா!” என்று அலறினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அந்நிய ஆணை ‘ய்யா’ போட்டு அழைத்தேன். அவர் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்.

கடைசியாக இறங்கியது பாய். அவருக்குப் பின்னால் நான்.

லாரி ஜாக்கி

ஜாக்கி வந்திருந்தது. கறுப்பு எண்ணெய் பிசுபிசுத்த, ஒரு ஆள் தூக்கத் திணறும் பழைய ஜாக்கி. அதைப் பலகை மேல் நிறுத்தி, அதன் மேல் வெட்டிச் சிறிதாக்கிய கட்டையை நிறுத்தி, மேலே விட்டத்துக்கு அணைகொடுத்தார் மேஸ்திரி. மற்ற ஆட்களை உள்ளே விடவில்லை. “புள்ளகுட்டிக்காரங்க, வெளிய நில்லுங்க” என்றார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

நான் ஏணியில் ஏறி, விட்டம் எங்கே இருக்கிறது என்று தூணில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். மேஸ்திரி கம்பியைப் போட்டு ஜாக்கியை அழுத்தினார். ஒரு அழுத்து. நிறுத்து. பார். இன்னொரு அழுத்து. விட்டம் முனகியது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மரம் கிரீச்சிடும் என்பார்கள். இது அடித்தொண்டையில் இருமுவதுபோல் இருந்தது.

“எந்திரிக்குதுங்களா?”

“நூல் அளவு எந்திரிச்சிருக்குதுங்க.”

“இன்னுங்களா?”

“இன்னுங்க. மெதுவா.”

எத்தனை முறை இப்படிக் கேட்டுச் சொல்லிக்கொண்டோம் என்று நினைவில்லை. என் கழுத்து வியர்வையில் சுண்ணாம்பு ஒட்டி எரிந்தது. கால் அங்குலம் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. முதல் முட்டு உள்ளே போனது, பிறகு இரண்டாவது. அடியில் ஆப்பு வைத்து இறுக்கியதும் மேஸ்திரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிளந்த கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தோம். இரண்டு முட்டுக்குப் பதில் ஐந்து நிறுத்தினோம். வெளியே வந்தபோது மணி மூன்றரை. தையல்காரர்கள் எதிர்க்கடைப் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சென்னியப்பன் அண்ணன் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முடியாதுங்க

அண்ணன் என்னைத் தனியாக அழைத்துப் போனார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் குரல் வெல்லப்பாகாக இருந்தது.

“நடந்தது நடந்துபோச்சு அம்மணி. மனுசனுக்குத் தப்பு வராதுங்களா? உங்க ஆபீசுக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. மேல ஆள் இருக்கறதுக்கு லாயக்கில்லாத கட்டடம்னு ஆபீஸ் லெட்டர்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க. எப்படியும் எறங்கிட்டாங்க. அப்படியே இருந்துக்கட்டும். உசுருதானுங்களே முக்கியம்?”

அவர் கையில் ஒரு புதுப் பூட்டு இருந்தது. காகித உறை பிரிக்காத பூட்டு. மனுஷர் டீ வாங்க அனுப்பும்போதே இதையும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்!

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஆசையாக இருந்தது. இரண்டே வரி. என் தப்பு எங்கேயும் வெளியே வராது. பாயிடம் இருக்கும் காக்கித் தாளை யார் பார்க்கப் போகிறார்கள்? லாயக்கில்லை என்பதில்கூடப் பாதி உண்மை இருக்கிறதே, காலையில் விழவிருந்த தளம்தானே என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. நாக்கு நுனி வரை ஒரு செரிங்க வந்து நின்றது.

“முடியாதுங்ணா” என்றேன்.

“அதான், நாளைக்குக் காலைல குடுத்தாலும் போதுமுங்க” என்றார். அவர் காதில் நான் சொன்னது ஏறவே இல்லை. இந்த ஊரில் யார் முகத்துக்கு நேரே முடியாது என்கிறார்கள்?

“முடியாதுங்ணா. எழுத மாட்டேன். கட்டடத்துல தப்பில்லீங்க, நான் பண்ணுனதுதான் தப்பு. அஞ்சு முட்டு வெச்சிருக்குது. காலைல இருந்ததை விடக் கெட்டியா நிக்குது. அவங்க இப்பவே ஏறலாம்.”

அண்ணனின் முகம் மெல்ல மாறியது. “அப்ப ஆபீசுக்கு போன் போட வேண்டியதுதானுங்க” என்றார். அப்போதும் ‘ங்க’ விடவில்லை.

“போடுங்ணா.”

போட்டார். அடுத்த வாரமே என்னை மறுபடி மேஜைக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து மீள இரண்டு வருஷம் ஆனது. அதைப் பற்றி இப்போது புலம்பப் போவதில்லை.

கீழே ஆள்

எதிர்க்கடைப் படிக்குப் போய், “பாய், நீங்க ஏறலாமுங்க” என்றேன். அண்ணன் என்ன கேட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

பாய் எழுந்திருக்கவில்லை. கட்டடத்தை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய ஆட்களும் பார்த்தார்கள்.

“காலைலயும் சின்ன வேலைதான்னு சொன்னீங்க” என்றார்.



“ஏறலைன்னா பொழப்புப் போச்சு. ஏறுனா உசுரு போயிருமோன்னு இருக்குது. நான் என்னம்மா பண்றது?” என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நாங்க மேல ஏறறப்ப நீங்க அந்தக் கர்டருக்கு அடியில நிப்பீங்களா?”

கணக்கு எனக்குத் தெரியும். ஐந்து முட்டும் அந்தப் பாரத்தைப் போல இரண்டு பங்கைத் தாங்கும். காகிதத்தில் அது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

“நிக்கறேனுங்க” என்றேன்.

உள்ளே போய்க் கர்டருக்கு நேர் கீழே, காலையில் தூள் விழுந்த அதே இடத்தில் நின்றேன். மேஸ்திரி வந்து பக்கத்தில் நின்றார். “நீங்க எதுக்குங்க, வெளிய போங்க” என்றேன். “நீங்க சொன்னீங்க, நான் எடுத்தேன். இதுல ஒருத்தர் மட்டும் நின்னா எப்படிங்க?” என்றார்.

படியில் செருப்புச் சத்தம். முதல் ஆள் மேலே நடந்தார். தலைக்கு மேல் பலகை அழுந்துவதைக் கேட்டேன். இரண்டாம் ஆள். மூன்றாம் ஆள். என் கண் தூணில் இருந்த பென்சில் கோட்டை விட்டு அகலவில்லை. ஐந்தாம் ஆள் வந்தபோது கொஞ்சம் தூள் உதிர்ந்து என் நெற்றியில் விழுந்தது. மேஸ்திரி என் கையைப் பிடித்தார். கோடு நகரவில்லை. அது பழைய தூள்.

எட்டுப் பேரும் ஏறிவிட்டார்கள். கடைசியில் பாயின் கனத்த நடை, வெட்டு மேஜை வரை. அதன் பிறகு சத்தமே இல்லை. எல்லோரும் நாற்காலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. யார் முதலில் மிதிப்பது?

ஒரு மெஷின் ஓட ஆரம்பித்தது. தடதடவென்று வேகமாக ஓடியது. உடனே இன்னொன்று. கர்டர் அதிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மேலே பாயின் குரல் கேட்டது. அதட்டல் குரல்தான், பலகை இடுக்கு வழியாகத் தெளிவாகவே கேட்டது.

“மெதுவா மிதிங்கப்பா! கீழ அந்தப் புள்ள நிக்குது.”

மெஷின்கள் மெதுவாயின. எனக்கு அழுகை வந்துவிட்டது.